ஒத்த யூனிட்டு 243 ரூபா

இன்னாபா நைனா, மடியில கம்ப்யூட்டர வெச்சிகினு ரெண்டு நாளா ஒரே ரோசனையா கீற? எட்டிப் பாத்தா கட்டம் கட்டமா கீது. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் வேற. உங்க பாட்டி பாத்துட்டு, "கோலம் நல்லா வந்திருக்குடா, புள்ளி எத்தினி?"ன்னு கேட்டுட்டுப் போறா. கேஸு சல்லிசா, கரண்டு சல்லிசான்னு கண்டுபுடிக்கவா இம்மாம் பாடு?

கேட்டதுக்கு பதில் சொல்லாம கெழம் நக்கல் பண்ணுதேன்னு மொகத்தத் தூக்காத. பதில் கீது. உன் கட்டத்துல இல்ல. மீட்டர் பொட்டி மேல செருகி வெச்சிருக்கோமே, ஓரம் மடங்கி, பல்லி முட்டை ஒட்டிகினு ஒரு அட்டை, அதுல கீது. அத எடுத்துப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. அதுக்கு ஸ்டூல் போட்டு ஏறணும்.

உனக்கு இந்த கரண்டு அடுப்பு ஆசை எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பெங்களூர் கூட்டாளி. "மச்சி, நான் இண்டக்ஷனுக்கு மாறிட்டேன், கேஸே வாங்கறதில்ல"ன்னு சொல்லியிருப்பான். நீயும் வாயப் பொளந்துகினு கேட்டிருப்ப. அவன் பேச்சு அவன் ஊருக்கு. நம்ம ஜோலார்பேட்டை ஜங்ஷன்ல ரயிலேறி பச்சூர் தாண்டுனா ஆந்திரா, குப்பம் தாண்டுனா கர்நாடகா. ஒரு பொட்டலம் வேர்க்கடலை தீர்றதுக்குள்ள மூணு கவர்மெண்டு, மூணு கரண்டு பில்லு. கர்நாடகாவுல 2023 ஜூலையிலேர்ந்து மாசம் 200 யூனிட் வரைக்கும் காசில்லாம குடுக்கிறாங்க. அதுலயும் ஒரு சூட்சுமம் வெச்சாங்க. முன்ன வருசம் சராசரியா எத்தினி ஓட்டினியோ, அதுக்கு மேல பத்து சதவீதம் வரைக்கும்தான் சும்மா. புதுசா அடுப்பு வாங்கி ஏத்துனா, ஏத்துனதுக்குக் காசு. இத உன் கூட்டாளி சொன்னானா? சொல்ல மாட்டான். பில்லு அவங்கப்பா கட்றாரு.

நம்ம கதைக்கு வா. நம்மூர்ல ஈபி கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. மொத 100 யூனிட்டு சும்மா. 2016 மே மாசம் ஜெயலலிதா திரும்ப கோட்டைக்கு வந்த அன்னிக்கே போட்ட கையெழுத்து அது. 101-லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபா 35 காசு. 400 வரைக்கும் 4 ரூபா 70 காசு. 500 வரைக்கும் 6 ரூபா 30 காசு. இது 2024 ஜூலையில வந்த விலை, அத வெச்சே கணக்கு போடறேன். 2025 ஜூலையில கம்பெனிக்காரங்களுக்கு ஏத்துனப்ப வூட்டு கரண்ட தொடல, அந்தப் பாரத்த கவர்மெண்டே தூக்கிகிச்சு.

இதுவரைக்கும் நல்லாத்தான் போவுது. இப்ப ஒரு கணக்கு கேக்கறேன், சொல்லு. 500 யூனிட்டு ஓட்டுனா 1805 ரூபா. அப்ப 501 ஓட்டுனா?

1813-ன்னுதானே சொல்ற? இஞ்சினீரு படிப்பு படிச்ச புள்ள அப்பிடித்தான் சொல்லும். தப்பு கண்ணு. 500-ஐத் தாண்டுன நிமிசமே உன்ன வேற வரிசையில நிக்க வெச்சிடுவாங்க. அந்த வரிசையில 2 ரூபா 35 காசுன்ற பேச்சே கெடையாது. 101-லேர்ந்து 400 வரைக்கும் ஒரே வெட்டா 4 ரூபா 70 காசு, 500 வரைக்கும் அதே 6 ரூபா 30 காசு. தாண்டுன யூனிட்டுக்கு 8 ரூபா 40 காசு. கூட்டிப் பாரு. 2048 ரூபா 40 காசு வருதா? அந்த ஒத்த யூனிட்டுக்கு மட்டும் நீ குடுத்தது 243 ரூபா 40 காசு.

ஒத்த யூனிட்டுன்னா இன்னா? ஆயிரம் வாட்டு இஸ்திரிப் பொட்டி ஒரு மணி நேரம் விடாம காய்ஞ்சா ஒரு யூனிட்டு. ஞாயித்துக்கெழம ராத்திரி பெங்களூர் கெளம்பறதுக்கு முன்ன வாரத்துக்கும் சேத்து சட்டை தேய்க்கிறியே, அது கடைசி யூனிட்டா அமைஞ்சிதுன்னு வெச்சிக்க. தெருமொனையில தள்ளுவண்டி வெச்சிருக்கிற இஸ்திரிக்காரரு கேட்டா சிரிப்பாரு. அந்தக் காசுக்கு அவரு உன் சட்டையோட சேத்து உன்னையும் தேய்ச்சிக் குடுப்பாரு.

அடுத்தது சிலிண்டர். உள்ள 14.2 கிலோ. 2025 ஏப்ரல் மாசம் 50 ரூபா ஏத்துனதுக்கப்புறம் மெட்ராஸ் விலை 868 ரூபா 50 காசு. அந்த விலைய வெச்சே பேசறேன். கொண்டாந்து போடறவரு தலைய சொறியறதுக்குக் குடுக்கறது தனி, அத உன் கட்டத்துல எந்தக் கலர்ல போட்டிருக்க?

ஒரு கிலோ கேஸ எரிச்சா கெடைக்கிற சூட்டை கரண்டு கணக்குல சொன்னா சுமார் 12.8 யூனிட்டு. சிலிண்டர் முழுசுக்கும் 180-க்கு மேல வரும். அம்மாம் சூடும் சோத்துப் பானைக்குள்ளயா போவுது? அடுப்பு பத்து பங்கு எரிஞ்சா ஆறு, ஆறரை பங்குதான் பாத்திரத்துல ஏறும். மிச்சம் சமையக்கட்டுல நிக்கிற பொம்பளை மேல ஏறும். அதனாலதான் வெயில் காலத்துல உங்கம்மா தோசை சுட்டுட்டு வெளிய வரும்போது மொகம் அப்பிடிக் கீது. இண்டக்ஷன்ல எட்டரை பங்கு பாத்திரத்துக்குப் போவும். அந்த மட்டும் அது நல்ல சாமான்தான், நான் இல்லைன்னு சொல்லல. இந்த ரெண்டையும் சேத்து வகுத்தா, ஒரு சிலிண்டர் செய்யற வேலைய இண்டக்ஷன் செய்ய சுமார் 135 யூனிட்டு வோணும். பாத்திரத்துக்கும் கைக்கும் தக்க கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

இப்ப உனக்கு ஒரு குறுக்கு வழி. சிலிண்டர் விலைய 135-ஆல வகு. 868.50-ஐ வகுத்தா 6 ரூபா 43 காசு. உன் வூட்டு கடைசி யூனிட்டு அதுக்குக் கீழ வித்தா கரண்டு சல்லிசு. மேல வித்தா கேஸு சல்லிசு. விலை ஏறுனாலும் எறங்குனாலும் வகுக்கறது ஒண்ணுதான். இதுக்கு கோலம் வோணுமா?

ஆத்திரப்படாத. வகுத்த உடனே கடைக்கு ஓடாத. நம்ம தெருவுலயே ஒரு வூட்ட எடுத்துக்குவோம். ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட்டு, மாசம் ஒரு சிலிண்டர். ஃப்ரிட்ஜு, டிவி, ரெண்டு ஃபேனு. ஏசி இல்ல. அந்த வூட்டு பில்லு 470 ரூபா. புள்ளை பெங்களூர்லேர்ந்து வந்து, "அம்மா, இனிமே கேஸே வாணாம்"ன்னு சட்டம் போட்டான்னு வெச்சிக்க. ரெண்டு சிலிண்டருக்கு 270 யூனிட்டு ஏறும். 250-ம் 270-ம் 520. வந்துச்சா வேற வரிசை? பில்லு 2208 ரூபா. முன்னைக்கு இப்ப 1738 ரூபா கூட. மிச்சமான ரெண்டு சிலிண்டர் விலை இன்னா? 1737.

ஒரு ரூபா நஷ்டம்! இம்மாம் ஆர்ப்பாட்டத்துக்கும் வரவும் செலவும் சரிக்குச் சரியாப் போயி, மேல ஒரு ரூபா கைய விட்டுப் போச்சு. அடுப்பு வாங்குன காசு இதுல சேரல.

அதே வூட்டுல அந்தம்மா கொஞ்சம் வெவரமா இருந்து, பாதி சமையல மட்டும் இண்டக்ஷன்ல வெச்சா? 135 யூனிட்டு ஏறி 385 ஆவும். பில்லு 1104 ரூபா 50 காசு. கூடுனது 634 ரூபா 50 காசு, மிச்சமானது ஒரு சிலிண்டர். 234 ரூபா லாபம். முழுசா மாறுனா நஷ்டம், பாதி மாறுனா லாபம். எந்தக் கடைக்காரனாவது இத உனக்குச் சொல்வானா? பாதி அடுப்பு விக்க முடியாதே அவனுக்கு.

234-ன்னதும் கண்ணு விரியுது பாரு. ரெண்டு மாசத்துக்குடா அது. மாசத்துக்கு 117 ரூபா. ஆம்பூர் போயி பிரியாணி துன்னுட்டு திரும்பி வர்றதுக்குப் பத்தாது.

அந்த 117 ரூபாய்க்கு அடுக்களையில இன்னா இன்னா மாத்தணும் தெரியுமா? ஃப்ரிட்ஜு கதவுல ஒரு மாங்கா காந்தம் ஒட்டியிருக்கே, அத எடுத்துகினு போயி பாத்திரம் பாத்திரமா ஒட்டிப் பாரு. அலுமினியக் குண்டானுல ஒட்டாது. மண்சட்டியில ஒட்டாது. பித்தளையில ஒட்டாது. ஈயச்சொம்புல ஒட்டாது. ஒட்டாதது எதுவும் அந்த அடுப்புக்கு ஆவாது. இரும்பு தோசைக்கல்லுல ஒட்டும், ஆனா நம்ம கல்லு அடி நடுவுல வளைஞ்சிருக்கும், கண்ணாடி மேல தட்டாமாலை சுத்தும். குக்கரும் புதுசு, கடாயும் புதுசு, பால் காய்ச்சறதும் புதுசு. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

சரி, எல்லாம் வாங்கிட்ட. களி கிண்டுவியா அதுல? நம்ம பக்கம் கேவுரு களி இல்லாம வாரம் ஓடுமா? ரெண்டு கையாலயும் துடுப்பப் புடிச்சி, ஒடம்பு பாரம் மொத்தமும் போட்டு அழுத்தி அழுத்திக் கெளறணும். கட்டி தட்டாம வர்றதுக்குள்ள முதுகு வேர்த்துடும். அந்த அழுத்தற அழுத்துக்கு கீழ கீற கண்ணாடி எத்தினி நாளு தாங்கும்? யூடியூப்புல ஒருத்தன் ஒரு வெரலால பட்டன தொட்டு பாஸ்தா வேவ வெக்கிறான். அவன கூட்டியாந்து நாலு பேருக்குக் களி கிண்டச் சொல்லு, அப்புறம் பேசுவோம்.

இன்னொண்ணு. உன் கட்டத்துல நேரத்துக்கு எடமே இல்லையே, ஏன்? நம்ம பக்கத்துல பாதி வூட்டுப் பொம்பளைங்க ஷூ கம்பெனிக்குப் போறாங்க. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் காலையில கம்பெனி வேன் வந்து நிக்கும். வேன் யாருக்கும் காத்திருக்காது. விடியறதுக்கு முன்ன எழுந்து ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கொழம்பு, நடுவுல புள்ளைக்கு பாலு, வூட்டுக்காரனுக்கு டீத்தண்ணி. ரெண்டு பர்னர் ஒண்ணா எரிஞ்சாத்தான் வேனு. உன் இண்டக்ஷன் ஒரு நேரத்துல ஒரு பாத்திரம் வெக்கும். வேன வுட்டா அரை நாள் சம்பளம் போச்சு. யூனிட்டுக்கு ஏதோ சில்லறை மிச்சம் புடிச்சி அரை நாள் கூலிய வுடுவியா? அந்தப் பொம்பளை கேஸ எரிச்சா அவளுக்குக் கணக்கு தெரியலன்னா அர்த்தம்? உன்னவிட நல்லாத் தெரியும்.

ஆனா அதே அம்மா சாயங்காலம் வந்து டீ போடறதுக்கும், ராத்திரி சோத்துக்கும், ஒரு இண்டக்ஷன ஓரமா வெச்சிக்கலாம். பாதிக்குப் பாதின்னு சொன்னது அதான்.

உனக்கு இதெல்லாம் புதுசா கீது. நாங்க இந்த ஆட்டத்த ஏற்கெனவே பாத்துட்டோம். 2012 செப்டம்பர் மாசம் டெல்லிக்காரங்க, மானிய விலையில வருசத்துக்கு 6 சிலிண்டர்தான்னு சொல்லிட்டாங்க. அவ்ளோதான், ஊரே திருப்பத்தூருக்கும் வேலூருக்கும் ஓடி இண்டக்ஷன் அடுப்ப அள்ளிகினு வந்துச்சு. கொண்டாந்து வெச்சி சொருகுனா? கரண்டு இல்ல! அந்த வருசம் மெட்ராஸ தவுத்து மத்த ஊருக்கெல்லாம் ஒரு நாளைக்கு பத்து மணி, பன்னெண்டு மணி நேரம்னு கட்டு. அடுப்பு மேல ஒரு துணி போட்டு மூடி, அதுமேல சாமி படம் வெச்சவங்களக் கூட நான் பாத்திருக்கேன். அப்புறம் டெல்லிக்காரங்களே 6-ஐ 9 ஆக்கி, 2014-ல 12 ஆக்கிட்டாங்க. அடுப்பு பரணுக்குப் போச்சு. மானியமும் 2020-ல, அந்த கொரோனா களேபரத்துல, சத்தம் போடாம கெளம்பிடுச்சு. உஜ்வாலா இணைப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் சிலிண்டருக்கு 300 ரூபா பேங்குக்கு வருது.

விலையையும் கொஞ்சம் பாரு. 2023 மார்ச்சுல சிலிண்டர் 1118 ரூபா 50 காசு. 135-ஆல வகு, 8 ரூபா 29 காசு. அன்னிக்கு இண்டக்ஷன் வாங்குனவன் மகா புத்திசாலி. அந்த ஆகஸ்டுல 200 ரூபா கொறைச்சாங்க. 2024 மார்ச்சுல, பார்லிமெண்டு தேர்தலுக்கு முன்ன, இன்னொரு 100 கொறைச்சி 818 ரூபா 50 காசு. வகு, 6 ரூபா 6 காசு. ஒரே வருசத்துல அதே ஆளு அதே அடுப்பு, ஏமாளி ஆயிட்டான். அவன் ஒண்ணும் பண்ணல, சும்மாதான் ஒக்காந்திருந்தான். தேர்தல் வந்தா சிலிண்டர் எளைக்கும், போனா சதை போடும். அது உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

2021 தேர்தலப்போ ஒரு கட்சி வருசத்துக்கு 6 சிலிண்டர் சும்மா, சோலார் அடுப்பு, வாஷிங் மெஷினு எல்லாம் தர்றோம்னுச்சு. இன்னொரு கட்சி சிலிண்டருக்கு 100 ரூபா, மாசா மாசம் மீட்டர் கணக்குன்னுச்சு. நானும் ரெண்டு பேரையும் நம்பி வாசல்ல கட்டில் போட்டு ஒக்காந்திருந்தேன். காத்து நல்லா வந்துச்சு.

வெயில் சேதிக்கு வருவோம். நம்ம வேலூர் சீமை வெயில் உனக்கு சொல்லணுமா? சித்திரையில பாறை வெடிக்கும். வூட்டுல ஏசி கீதா? ராத்திரி எட்டு மணி நேரம் ஓடுனா எட்டு, பத்து யூனிட்டு போவும். ரெண்டு மாசத்துக்கு அதுவே 500-ஐத் தொட்டுடும். அந்த ரெண்டு மாசம் நீ இண்டக்ஷன்ல டீ வெச்சாலும் அது 8 ரூபா 40 காசு, 9 ரூபா 45 காசு யூனிட்டுலதான் கொதிக்கும். ஏசி எறங்குனா இண்டக்ஷன பரண்ல ஏத்து. மார்கழியில ஏலகிரி பனி எறங்கி, ஏசி பொட்டியில குருவி கூடு கட்டறப்போ, இண்டக்ஷன எறக்கு. வருசம் பூரா ஒரே அடுப்புதான்னு யாருடா சட்டம் போட்டது? நாங்க மழையில ஒரு அடுப்பு, வெயில்ல ஒரு அடுப்புன்னு வாசலுக்கும் உள்ளுக்கும் மாத்திகினுதான் இருந்தோம்.

பின்தெருவுல புது வூடு கட்டுனவரு ஒருத்தரு கீறாரு. கண்ணாடி மேல நாலு பர்னரு. மேல பொகை உறிஞ்சற சிம்னி, ரயில் இன்ஜின் கணக்கா சத்தம் போடும். பர்னர திருகுனா தானா பத்திக்கும். போயி பாத்தா அந்தம்மா அதுல நூடுல்ஸு வேவ வெக்கிறாங்க. மத்த மூணு பர்னரும் வெத்தல பாக்கு வெச்சி அழைச்சாத்தான் எரியும் போல. ராத்திரி சாப்பாடு சிவப்பு சட்டைக்காரன் பைக்ல கொண்டாந்து குடுக்கிறான். அவரும் உன்னமாதிரிதான், கேஸா கரண்டான்னு என்கிட்ட வந்து கேட்டாரு. உங்களுக்கு ரெண்டுமே செலவில்ல சார், பெட்ரோல் விலையத்தான் பாக்கணும்னு சொல்லிட்டேன்.

அதவிட வேடிக்கை ஒண்ணு கீது. கரி இன்ஜின் ஓடுன காலத்துல நம்ம ஜங்ஷன்ல கொட்டற சாம்பல்ல எரியாத கரித்துண்டு கெடக்கும். புள்ளைங்க அதப் பொறுக்கியாந்தாத்தான் பல வூட்டுல ராத்திரி ஒலை கொதிக்கும். மத்த நாள்ல வேலிகாத்தான் முள்ளு, தென்னை மட்டை. ஊதுகொழல ஊதி ஊதி எங்கம்மாவுக்கு கண்ணு எப்பவும் செவந்தே இருக்கும், இருமலும் சாவற வரைக்கும் போவல. கேஸு வந்த அன்னிக்கு அந்த வெறகடுப்ப இடிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. இப்ப இன்னாடான்னா, ஓட்டல்காரன் "இங்கு விறகடுப்பில் சமைக்கப்படும்"னு பலகை மாட்டி, அதுக்குன்னு தனியா காசு கேக்கறான். நீங்க வரிசையில நின்னு போட்டோ எடுத்துகினு துன்றீங்க. பொகைய வாங்குனவ எங்கம்மா, காசு வாங்கறவன் அவன்.

இருக்கட்டும். இவ்ளோ நேரம் அடுப்பையே பாத்துகினு கீறியே, கொஞ்சம் தலைய தூக்கு. மேல இன்னா சுத்துது? யானை அசைஞ்சு துன்னும், வூடு அசையாம துன்னும்னு சொல்லுவாங்க. நம்ம வூட்டுல அசைஞ்சிகினே துன்றது அந்த ஃபேனு. கல்யாணத்துக்கு வந்த பழைய ஃபேனு, 75 வாட்டு. நாளைக்கு பதினஞ்சு மணி நேரம் சுத்துனா ரெண்டு மாசத்துக்கு 67 யூனிட்டு. இப்ப பிஎல்டிசின்னு ஒண்ணு வந்திருக்கு, 30 வாட்டுதான். 27 யூனிட்டுல முடிஞ்சிடும். ஃபேனுக்கு 40 யூனிட்டு மிச்சம். ரெண்டு ஃபேனுன்னா 80. மேல சொன்ன 250 யூனிட்டு வூட்டுல அந்த 80-ஐக் கழிச்சா பில்லு 305 ரூபா கொறையும். அடுப்ப மாத்தி, பாத்திரத்த மாத்தி, களிய வுட்டு, உங்கம்மாகிட்ட திட்டு வாங்கி நீ மிச்சம் புடிச்ச 234-ஐவிட இது கூட. பாத்திரம் பண்டம் ஒண்ணும் மாத்த வாணாம்.

உடனே ஆர்டர் போடாத! நல்லா சுத்தற ஃபேன கழட்டி எறியச் சொல்லல. புது ஃபேன் வெலைக்கு ரெண்டு மாசத்துல 150 ரூபா வந்தா, போட்ட காசு திரும்ப மூணு வருசம் ஆவும். ராப்பகலா எது சுத்துதோ அது மொதல்ல சாவும், சாவும்போது அந்த எடத்துல இத மாட்டு.

தண்ணி மோட்டாரையும் பாரு. 2019-ல நம்ம ஜோலார்பேட்டையிலேர்ந்து ஐம்பது வேகனு, 25 லட்சம் லிட்டர் தண்ணி, மெட்ராஸுக்கு ரயிலேத்தி அனுப்புனோம், ஞாபகம் கீதா? ஊருக்கே பெருமை. நம்ம வூட்டு மொட்டை மாடித் தொட்டி ரொம்பி அரை மணி நேரமா சாக்கடைக்கு ஓடுது, அத நிறுத்த ஒரு ஆளு எழுந்து போவ மாட்டேன்றீங்க. ஒருத்தன் காதுல ஒயரு, இன்னொருத்தன் கையில போனு.

கேஸுலயும் கண்ணு வை. சிலிண்டர் வந்த உடனே கையெழுத்து போட்டு உள்ள உருட்டிடற. மேல கைப்புடி வளையத்துக்குக் கீழ நிக்கிற பட்டையில காலி எடை எழுதியிருக்கும். 15.3-ன்னு வெச்சிக்க, அதோட 14.2-ஐக் கூட்டு. 29.5 இருக்கணும். கொண்டாந்தவரு தராசு வெச்சிருக்கணும், தொங்கவுட்டு காட்டுன்னா காட்டணும். ஒரு கிலோ கொறைஞ்சா 61 ரூபா. அதே பட்டையில உள்பக்கம் ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் வருசமும் இருக்கும். ஏ 27-ன்னா 2027 மார்ச்சு வரைக்கும், டி-ன்னா அந்த வருசம் டிசம்பர் வரைக்கும். அதுக்கப்புறம் சிலிண்டர பரிசோதனைக்கு அனுப்பணும். தேதி தாண்டுனது வந்தா வாங்காத, திருப்பி அனுப்பு. செல்லு வாங்கும்போது பின்பக்கம் முன்பக்கம்னு மூணு மணி நேரம் பாக்கற. வூட்டுக்குள்ள கேஸ கொண்டாந்து வெக்கறதுக்கு ஒரு நிமிசம் குனிஞ்சா முதுகு ஒடிஞ்சிடுமா?

பாட்டி இன்னா பண்றான்னு பாத்திருக்கியா? பருப்ப முன்னமே ஊற வெச்சிடுவா. ஒலைய மூடிதான் வெப்பா. கொதி வந்த உடனே தீயக் கொறைப்பா. கொதிக்கிற தண்ணி எம்மாம் தீ வெச்சாலும் அதுக்கு மேல சூடாவாது, ஆவிதான் கூட வரும். இது அவளுக்கு யாரும் பாடம் எடுக்கல. கூட்டுக்குடும்பத்துல பதினோரு பேருக்கு சமைச்ச கை. நம்ம வூட்டு சிலிண்டர் பக்கத்து வூட்டு சிலிண்டரவிட பத்து நாளு கூட வர்றதுக்கு காரணம் உன் கட்டம்னு நெனைச்சிகினு கீறியா?

இப்ப எழு. கம்ப்யூட்டர மூடி வை, அதுவும் கரண்டுதான் துன்னுது. ஸ்டூல போட்டு ஏறி அந்த அட்டைய எடு. போன தடவ எத்தினி யூனிட்டு, எந்தத் தேதி ரீடிங் எடுத்தாங்கன்னு பாரு. அங்கேர்ந்து ரெண்டு மாசம் எண்ணி காலண்டர்ல ஒரு வட்டம் போடு. ரீடிங் எடுக்க வர்றவரு நாலு நாளு தள்ளி வந்தா அந்த நாலு நாளும் உன் கணக்குலதான் ஏறும், 490-ல நிக்கிற வூடு 520-ஐத் தாண்டிடும். அதனால வட்டம் போட்ட தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே மீட்டரப் பாத்து, அட்டையில கீற போன ரீடிங்க கழி. 440-ஐத் தாண்டியிருந்தா அந்த வாரம் கேஸ்ல சமைங்க, துணிய இஸ்திரிக்காரருகிட்ட குடு. பல்லி முட்டைய தொடைச்சிட்டு எடு, அட்டை கிழிஞ்சிடப் போவுது.